அயனிச் சீட்டுகள்: ஒரு வேதியியல் வகுப்பின் நாட்குறிப்பு

ஜூலை 3

மீள்பார்வைக்காக இன்று வினாடி வினா நடத்தினேன். வகுப்பு கலகலப்பாக இருந்தது. ஆனால் விடை சொன்னவர்கள் அதே நால்வர்தான். இணைதிறனில் (ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனில்) தடுமாறும் மாணவர்கள், யாருக்காக இந்த விளையாட்டைக் கொண்டுவந்தேனோ அவர்கள், வாயே திறக்கவில்லை. வேகத்துக்குப் பரிசு தரும் விளையாட்டு, தெரிந்ததைச் சொல்ல வைக்கிறதே தவிர, தெரியாததைக் கற்பிப்பதில்லை.

ஜூலை 6

அட்டையை வெட்டி அயனிச் சீட்டுகள் செய்தேன்; அயனி என்பது மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம். மின்சுமை ஒன்று என்றால் சீட்டின் நீளம் 2 செ.மீ., இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 6. மேல் வரிசையில் நேர் அயனிகளையும் கீழ் வரிசையில் எதிர் அயனிகளையும் அடுக்க வேண்டும். இரு வரிசைகளும் ஒரே நீளத்தில் முடிந்தால் சேர்மத்தின் வாய்பாடு, அதாவது எந்த அயனி எத்தனை என்பது, கிடைத்துவிடும். அலுமினியம் இரண்டும் ஆக்சைடு மூன்றும் வைத்தால் இரு வரிசைகளும் 12 செ.மீ. நீளத்தில் முடிகின்றன.

ஜூலை 8

பாஸ்பேட்டில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதால் அதன் மின்சுமையும் நான்கு என்று பலர் எண்ணியிருந்ததை இன்றுதான் அறிந்தேன்; உண்மையில் அது மூன்று. மூன்று கால்சியம் சீட்டுகளின் கீழே இரண்டு பாஸ்பேட் சீட்டுகள் சரியாகப் பொருந்தியதும், Ca₃(PO₄)₂ என்ற வாய்பாட்டில் பாஸ்பேட்டுக்கு அடைப்புக்குறி ஏன் தேவை என்பதை ஒரு மாணவி தானாகவே விளக்கினாள்: அந்தச் சீட்டை வெட்ட முடியாது, முழுதாகத்தான் இரண்டு முறை எடுக்க முடியும்.

மற்றொரு குழு மக்னீசியம் இரண்டு, ஆக்சைடு இரண்டு என்று அடுக்கி, "இதுவும் பொருந்துகிறதே!" என்றது. நியாயமான கேள்வி. மிகச் சிறிய வரிசையே செல்லும் என்ற விதியை அங்கேயே சேர்த்தோம். சோடியம் பெராக்சைடின் வாய்பாட்டை (Na₂O₂) ஏன் NaO என்று சுருக்கக் கூடாது என்பதும், பெராக்சைடு ஒரே சீட்டு என்பதால், உடனே விளங்கியது.

ஜூலை 15

தனிம வரிசை அட்டவணையில் ஜெர்மானியத்தை மறைத்துவிட்டு, அதன் அணு நிறையைக் கணிக்கச் சொன்னேன். மேலே உள்ள சிலிக்கானுக்கு 28.1, கீழே உள்ள வெள்ளீயத்துக்கு 118.7, சராசரியாக 73.4 என்றார்கள். உண்மையான மதிப்பு 72.6. தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டெலீவ் 1871இல் 72 என்று கணித்ததையும், ஜெர்மன் வேதியியலாளர் விங்க்ளர் 1886இல் அத்தனிமத்தைக் கண்டறிந்ததையும் அதன் பிறகே சொன்னேன்.

ஜூலை 22

சீட்டுகள் இல்லாமல் எழுத்துத் தேர்வு வைத்தேன். வினாடி வினாவில் மௌனமாக இருந்த ஒரு மாணவன், விடைத்தாளின் ஓரத்தில் சிறு கட்டங்களை இரு வரிசையாக வரைந்து, அலுமினியம் சல்பேட்டின் வாய்பாட்டைச் சரியாக எழுதியிருந்தான்.