ஆங்கில வகுப்பில் இலவசக் கருவிகள்: கைபேசி யாருடையது?

ஆங்கில ஆசிரியர்களுக்கு இலவச இணையக் கருவிகளைப் பரிந்துரைக்கும் பட்டியல்கள், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு அப்படிப்பட்டதல்ல. வீட்டில் ஒரு கைபேசி உண்டு. அது அப்பாவோடு தறிக்குடோனுக்குப் போய், ஷிப்ட் முடிந்த பிறகே வீடு திரும்பும். ஆகவே ஒரு புதிய கருவியைப் பற்றி யாராவது சொன்னால், அதில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று கேட்பதற்கு முன், அதற்கு எத்தனை கைபேசிகள் வேண்டும், பிள்ளையின் பெயரையும் மின்னஞ்சலையும் அது கேட்கிறதா என்ற இரண்டையும் விசாரித்துக்கொள்கிறேன். இந்த இரண்டு கேள்விகளிலேயே பட்டியலின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட் வினாடி வினா உலகெங்கும் பெயர் பெற்றது. வினா பெரிய திரையில் தோன்ற, மாணவர்கள் தத்தம் கைபேசியில் விடையை அழுத்துவார்கள். விரைந்து அழுத்துபவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் அதன் வழக்கமான முறை எனக்கு உவப்பானதல்ல. யோசித்து விடை சொல்லும் பிள்ளையை அது பின்வரிசைக்குத் தள்ளுகிறது. பிளிக்கர்ஸ் வேறு வழியில் செல்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டையை அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தான் கருதும் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பதே மாணவரின் வேலை. ஆசிரியர் தம் கைபேசியின் கேமராவை வகுப்பின் மீது மெல்லச் சுழற்றினால், யார் என்ன விடை சொன்னார் என்பது திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் தனித்தனியானது என்பதாலும், விடை எழுத்துகள் ஓரத்தில் மிகச் சிறியதாக இருப்பதாலும், பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துத் தன்னுடையதைத் திருப்புவது எளிதல்ல. ஜெராக்ஸ் கடைச் செலவோடு ஒரு வகுப்பு முழுவதும் விடை சொல்லிவிடுகிறது. பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைப் பதிவுசெய்தாலே போதும்.

ஆனாலும் வினாடி வினாவில் பிள்ளை வாய் திறப்பதில்லை. பல ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் படித்தும் ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல முடியாமல் போவதே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பெரிய குறை என்று நான் கருதுவதால், பேசவைக்கும் கருவிகளுக்கே வகுப்பு நேரத்தில் முதலிடம் தருகிறேன். அவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது, கூகுள் டாக்ஸில் யாரும் அதிகம் கவனிக்காமல் கிடக்கும் குரல்வழித் தட்டச்சு. மடிக்கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்து, ஒலிவாங்கியை இயக்கிவிட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொன்னால், தன் காதில் விழுந்ததை அது எழுத்தாக்கிக் காட்டும். பேரிக்காய்க்கும் (pear) கரடிக்கும் (bear) உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்' என்றே அமையும். பஸ் என்று ஒவ்வொரு நாளும் சரியாகச் சொல்லும் பிள்ளைகூட, புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது இந்த இரண்டு ஒலிகளையும் குழப்பிக்கொள்கிறது. கரடி என்று எண்ணிச் சொன்னதற்குத் திரையில் பேரிக்காய் வந்து நின்றால் வகுப்பே சிரிக்கும், சொன்ன பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். அடுத்த முறை அந்த ஒலியை எப்படி எழுப்புவது என்று அதுவாகவே முயன்று பார்க்கும். ஆசிரியர் திருத்தினால் சுருங்கிப்போகும் முகம் இயந்திரம் திருத்தும்போது சுருங்குவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இதைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கையும் வேண்டும். இந்த மென்பொருள் ஒலியை மட்டும் கேட்பதில்லை. முன்பின் சொற்களை வைத்து எது பொருந்தும் என்றும் கணிக்கிறது. காட்டில் கரடியைக் கண்டேன் என்ற வாக்கியத்தில் பிள்ளை பேரிக்காய் என்றே உச்சரித்தாலும் அது கரடி என எழுதிவிடக்கூடும். ஆகவே உச்சரிப்புப் பயிற்சிக்கு, இரண்டு சொற்களில் எதை வைத்தாலும் பொருள் தரும் குறுவாக்கியங்களை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மறுபுறம், மின்விசிறி இரைச்சலிலும் பக்கத்து வகுப்பின் சத்தத்திலும் அது தப்பாக எழுதுவதுண்டு. அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது அநியாயம். இதை வைத்து மதிப்பெண் போடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் கூடாது என்றே சொல்லிவருகிறேன். ஒரு சொல்லை மனிதக் குரலில் கேட்டுத் தெளிய வேண்டுமானால் ஃபோர்வோ தளம் இருக்கிறது. வெவ்வேறு நாட்டினர் அச்சொல்லைப் பலுக்கிய பதிவுகள் அங்கே கிடைக்கும். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடுகளின் வழியே வரும் காணொளிகள் பாடத்தை விளக்க உதவும், பேசவைக்க உதவுவதில்லை.

வாசிப்புக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திற்கு இணையாக எதையும் நான் காணவில்லை. அங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுவதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு நாம் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். கதைகள் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இதன் அருமை இன்னும் கூடுதல். பின்னலாடைத் தொழிலுக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் தமிழில் விளக்கினால் அவர்களுக்குப் பாதிதான் புரியும். ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும்போது, அவரவர் மொழியில் முதலில் வாசித்துவிட்டுப் பிறகு எல்லோரும் ஆங்கிலப் பிரதியில் கூடலாம். கதை முன்பே தெரியும் என்பதால் ஆங்கிலச் சொல்லின் பொருளை ஊகிப்பது எளிதாகிறது. ஒடியா பேசும் பிள்ளைக்கும் தமிழ் பேசும் பிள்ளைக்கும் இடையே பொதுமொழியாக அந்தச் சிறு நேரத்திலாவது ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. எந்தப் பயிற்சித் தாளாலும் உண்டாக்க முடியாத தேவை அது.

வீட்டுப்பாடத்திற்குப் புதிய செயலி எதையும் நான் நாடுவதில்லை. அப்பாவின் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குரல்பதிவே போதுமானது: ஒரு பத்தியை வாசித்து அனுப்பினால், நான் ஒரு பதிவாகவே பதில் சொல்வேன். பல பதிவுகளில் பின்னணியில் தறி ஓடும் சத்தம் கேட்கும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்பதாலேயே சில பிள்ளைகள் வகுப்பில் பேசுவதைவிடத் தெளிவாகவும் உரக்கவும் வாசிக்கிறார்கள். ஒரு தாய் இப்படிச் சொன்னார்: "போன்ல இங்கிலீஷ் படிக்கறது நல்லதுதானுங்க டீச்சர், ஆனா படிச்சு முடிச்சதும் போனைக் குடுத்துரோணும்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதன்பின் ஒரு பத்திக்கு மேல் பணி கொடுப்பதில்லை.

இலவசம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் விலையையும் பார்க்க வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. மாணவர்களை வரிசையாகக் கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது. இலவசக் கருவிக்கு ஆயுள் உத்தரவாதமும் இல்லை. மாணவர் பேசிக் காணொளி பதியும் ஃபிளிப்கிரிட்டை மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கி எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஃபிளிப் எனப் பெயர் மாறிய அது 2024இல் தனிச்சேவையாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு அதே ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அதனால் வினாக்களை எந்தத் தளத்திலும் நேரடியாக எழுதாமல் முதலில் ஒரு விரிதாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். கதைகளைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிப் பென் டிரைவிலும் சேமிக்கிறேன்.

அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்புக்கு லிப்ரிவாக்ஸ் தளத்தின் ஒலிநூல்களை முயல எண்ணியிருக்கிறேன். காப்புரிமை காலாவதியான நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்யும் தளம் அது. சில நிமிடங்களில் முடியும் நீதிக்கதைகளும் அங்கே உண்டு. பழைய ஆங்கில நடை பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்குமோ என்ற ஐயம் இருப்பதால், ஒரு பதிவைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்லவைத்துத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.