உறைபனியை ஒட்டித் தோட்டத்தில் முடிக்க வேண்டியவை

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும் பலரும் முதலில் எடுப்பது கவாத்துக் கத்தரியைத்தான். உண்மையில் அதற்கு இப்போது வேலை குறைவு. லைலாக், ஃபோர்சித்தியா மாதிரி வசந்தத்தில் பூக்கும் செடிகள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளைக் கோடையிலேயே கட்டிவிடும். இப்போது வெட்டினால் செடி சாகாது, பூதான் இருக்காது. அவற்றைப் பூத்து முடிந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். ரோஜாவில் காற்றுக்கு ஆடி வேரை அசைக்கும் நீளக் கிளைகளை மட்டும் குறைத்தால் போதும்.

மண்ணைக் கவனிப்பதுதான் இந்தப் பருவத்தின் முக்கிய வேலை. காய்ப்பு ஓய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்குங்கள். நோய் கண்டவை மட்கு குவியலுக்குப் போகக் கூடாது. வீட்டுக் குவியல் பெரும்பாலும் கிருமி சாகும் அளவுக்குச் சூடேறாது. காலிப் பாத்தியில் 5 செ.மீ. கனத்துக்கு மட்கு உரத்தைப் பரப்பி அப்படியே விடுங்கள், கொத்திக் கிளற வேண்டாம். மண்புழுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் இப்போது வீண்: பாதி மழையோடு போகும், மீதியில் வரும் இளந்துளிர் பனியில் கருகும்.

டூலிப் கிழங்குக்கு அவசரம் வேண்டாம். மண் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகு, கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில், அதாவது சுமார் 15 செ.மீ.யில், கூர்முனை மேலே இருக்கும்படி நடுங்கள். நீர் தேங்கும் இடமானால் எவ்வளவு நல்ல கிழங்கும் அழுகும். பூண்டும் இதே சமயத்தில்தான். நடுவதற்குச் சற்று முன் பல் பிரித்து, பெரிய பற்களை மட்டும் தோலோடு 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். சிறு பல் சிறு பூண்டைத்தான் தரும்.

மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் சருகு பரப்பி மூடுவதில்தான் பலர் முந்திக்கொள்கிறார்கள். மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி நடந்தால், புதிதாக நட்டவற்றை அது மேலே தள்ளி வேரை வெளியே காட்டிவிடும். இதைத் தடுக்கத்தான் மூடாக்கு. ஆகவே மேல்மண் உறைந்த பிறகு போடுவதே நல்லது. முன்பே போட்டால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. சருகைப் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை நறுக்கிப் போடுங்கள். முழு இலைகள் நனைந்தால் பாய் போல ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

டேலியா பூச்செடியின் கிழங்கைத் தோண்ட, முதல் உறைபனியில் இலை கறுக்கும்வரை காத்திருங்கள். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தலைகீழாகச் சில நாள் உலர்த்தி, லேசாக ஈரமான மரத்தூளில் புதைத்து 5 முதல் 10 டிகிரிக்குள் வையுங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும், குறைந்தால் சுருங்கும். மாதம் ஒருமுறை பார்த்து, அழுகிய பகுதியை வெட்டி எறியுங்கள்.

வெளிக் குழாய்க்குத் தண்ணீர் விடும் வால்வை வீட்டுக்குள் மூடி, ஹோஸைக் கழற்றி, குழாயைத் திறந்தே விடுங்கள். உள்ளே தங்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் பைப் வெடிக்கும். அது சுவருக்குள் வெடித்திருந்தால் வசந்தத்தில் தண்ணீரைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.