துருவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

திருவான்மியூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் பழைய ஸ்விஃப்ட் தெருவில்தான் நிற்கிறது. மூன்று வாரமாக பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்துவது பேட். அது தேய்ந்தால் டிஸ்க்கை உரசிக் கத்தட்டும் என்றே அதில் ஒரு சின்னத் தகட்டை வைத்திருக்கிறார்கள். நான் ரேடியோவின் ஒலியைக் கூட்டிக்கொண்டேன். கீச்சு கரகரப்பாக மாறிய பிறகுதான் பயம் வந்தது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், வலப்பக்க உள் பேடில் தேய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரும்புத் தகடே டிஸ்க்கை உழுதிருந்தது. வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. சாலைக்குப் போய் டிஸ்க் இரண்டும் பேட் ஒரு செட்டும் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாமல் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். அதைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் மட்டும் அடம்பிடித்தன. சாக்கெட் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பியதும் வழிக்கு வந்தன.

டிஸ்க் வரவில்லை. உப்புக் காற்று அதை, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்போடு ஒட்டவைத்திருந்தது. துரு எண்ணெய் அடித்துக் காத்திருந்தேன், சுத்தியலால் தட்டினேன், பிறகு ஓங்கி அடித்தேன். மணி பத்தைத் தாண்டிவிட்டது. மாநகர பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு வந்தார். "தம்பி, இப்படி அடித்தால் சக்கர பேரிங் என்னத்துக்கு ஆகும்? டிஸ்க்கில் அந்த இரண்டு ஓட்டை எதற்கு இருக்கிறதாம்?"

நானும் பார்த்திருந்தேன், ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இரண்டிலும் மரை இருந்தது. வீட்டுக்குள் போய் இரண்டு எட்டு மில்லிமீட்டர் போல்ட் கொண்டுவந்தார். இதில் அரைச்சுற்று, அதில் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கச் சொன்னார். போல்ட்டின் நுனி ஹப்பில் முட்டி, டிஸ்க்கை வெளியே தள்ளுகிறது. ஐந்தாவது சுற்றில் 'டக்'. செங்கல் நிறத் தூள் என் மடியில் கொட்ட, டிஸ்க் ஆடியது. "இவ்வளவுதான் ஐயா?" என்றேன். அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

உள் பேட் மட்டும் ஏன் அப்படித் தேய்ந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காலிப்பர் நகர வேண்டிய பின்களில் ஒன்று காய்ந்து இறுகியிருந்தது. துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைப் பூசினேன். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். புது பேட் தடிமனானது. அதற்கு இடம்விட வேண்டுமென்றால் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக நெருக்கினேன். அங்கேதான் என் பழைய புத்திசாலித்தனம் குறுக்கே வந்தது. பேட் தேயத் தேய தொட்டியில் பிரேக் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. ஆறு மாதத்துக்கு முன் அது தெரியாமல் நிரப்பி வைத்திருந்தேன். பிஸ்டன் பின்வாங்கியதும் ஆயில் பொங்கி வழிந்தது. பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் வாளித் தண்ணீரோடு ஓடினேன்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித் தருகிறார்கள். அதை பிரேக் கிளீனரால் துடைத்தேன், ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே துரு மிச்சமிருந்தால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து ஸ்டீயரிங் நடுங்கும். வலப்பக்கத்துக்கு நாலரை மணி நேரம், இடப்பக்கத்துக்கு ஒன்றேகால்.

கிளப்பும் முன் பெடலை மிதித்தேன். தரை வரை போனது. பிஸ்டன் பேடைத் தொட்டுப் பிடிக்கும்வரை அப்படித்தான் என்று படித்திருந்தும் கால் சில்லிட்டது. ஏழெட்டு மிதியில் கெட்டியானது.

மறுநாள் விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலை. புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு எட்டு முறை பிரேக் பிடித்தேன். ஐந்தாவது முறை கருகல் வாடை வந்தது, பிறகு அடங்கியது. திரும்பி வந்து சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தேன். பெரியவரிடம் அந்த இரண்டு போல்ட்டையும் நீட்டினேன். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, இந்த ஊர்க் காற்றில் மறுபடி தேவைப்படும்" என்றார்.