எடை திரும்ப ஏறிய பிறகு ஐந்தாம் ஆண்டு பரிசோதனைக்குப் போனேன்

போன வியாழக்கிழமைதான் முடிந்தது. விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் மூன்று முறை அலைந்த கால்வலி இன்னும் போகவில்லை. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு, கூடவே ஆஸ்பத்திரியின் ஆய்விலும் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், அதிலும் எடை திரும்ப ஏறிவிட்டதே, இனி எந்த முகத்தோடு போவது என்று இருப்பவர்கள் இருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் கணக்கு) 40-க்கு மேல் இருந்ததால் கம்பெனிக்காரர்கள் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. எனக்குச் செய்தது ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் மாதிரி ஆக்குவது. 112 கிலோவிலிருந்து ஒன்றரை வருடத்தில் 71-க்கு வந்தேன். பிறகு மெல்ல மெல்ல ஏறி 83. நாலாம் வருடம் ஆய்விலிருந்து கூப்பிட்டபோது போனையே எடுக்கவில்லை. அவ்வளவு வெட்கம்.

இந்த வருடம் கூப்பிட்ட கோஆர்டினேட்டர் பெண் விடவில்லை. "அக்கா, இறங்கினவங்க மட்டும் வந்து, ஏறினவங்க வராமப் போனா நாங்க எழுதுற ரிசல்ட்டே தப்பாயிடும். நீங்கதான் முக்கியமா வரணும்" என்றாள். ஐந்து வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பின்லாந்தில் 240 பேரை வைத்து ஸ்லீவையும், இரைப்பையைச் சிறிய பையாக்கிக் குடலோடு இணைக்கிற பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷனையும் ஒப்பிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னாள். பத்தாம் வருடத்திலும் பெரும்பாலானவர்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்களாம்.

சரி என்று கிளம்பினேன். முதல் நாள் இரவு பத்து மணியோடு சாப்பாட்டை நிறுத்தி, விடியற்காலை பஸ் பிடித்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண் லீவு. போனும் அணைத்து வைத்திருந்தாள். கவுன்டரில் இருந்தவர், "ஆராய்ச்சின்னு எங்களுக்கு எதுவும் வரலைம்மா, ஓபி சீட்டு போட்டு பில் கட்டிட்டு வாங்க" என்றார். 4,850 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை. பதினோரு மணி வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்து, தலை சுற்றி, திரும்பிவிட்டேன். முதல் நாள் மாலையே ஒரு போன் போட்டு, ஆள் இருப்பார்களா என்று உறுதி செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்யுங்கள்.

இரண்டாவது முறை அவள் இருந்தாள். ஆனால் எந்தச் சீட்டும் இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டேன் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடன் வாங்கிக் கொண்டுபோன பணத்தைக் கட்டினேன். அதோடு போயிற்றா? ஆய்வுப் படிவத்தில் என் உயரம் 165 செ.மீ. என்று இருந்தது, டிஸ்சார்ஜ் சம்மரியிலோ 160. ஐந்து சென்டிமீட்டரில் ஆபரேஷனுக்கு முந்தைய பிஎம்ஐ 41-க்கும் 44-க்கும் இடையில் ஆடுகிறது. இங்கேயே அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார்கள், 160. ஆனாலும் பழைய கணக்கைத் திருத்த ஒரிஜினல் சம்மரி வேண்டுமாம். செல்போனில் இருந்த படம் செல்லாது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அன்றிரவு வீட்டில் பழைய ஃபைலைக் கொட்டித் தேடியபோது சம்மரியோடு ஒப்புதல் படிவமும் கிடைத்தது. தமிழிலேயே இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆய்வுக்கான பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை, போக்குவரத்துச் செலவும் தரப்படும் என்று தெளிவாக எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கவனிக்கிற நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலர் பெயரும் போன் நம்பரும். காலையில் பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. மூன்றாவது முறை போனபோது 4,850 ரூபாயும் மூன்று பயணத்துக்கான பஸ் காசும் கையில் கொடுத்தார்கள்.

கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி நமக்குத் தரவேண்டியது அவர்கள் கடமை. வாங்காமல் வராதீர்கள். வாங்கியதைத் தொலைக்காதீர்கள்.

மூன்றாவது முறைதான் எண்டோஸ்கோப்பி. இரண்டு வருடமாக ராத்திரியில் நெஞ்செரிச்சல், படுத்தால் புளிப்பு மேலே வரும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். உணவுக்குழாயில் புண் இருக்கிறது என்றார் டாக்டர். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது வரக்கூடியதுதானாம். அந்தப் பின்லாந்து ஆய்வில் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்தான். இந்த வருடமும் போனை எடுக்காமல் இருந்திருந்தால் என் புண் எனக்கே தெரிந்திருக்காது.

எடை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். 83.4. டாக்டர் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. எழுதிக்கொண்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததுக்கு இன்னமும் 28 கிலோவுக்கு மேல கம்மிதாம்மா" என்றார். பி12, இரும்புச்சத்து இரண்டும் குறைந்திருப்பதால் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டேன், பக்கத்திலேயே கோஆர்டினேட்டர் பெண்ணின் இன்னொரு நம்பரையும்.