அப்பாவின் கதிர்வீச்சுக் காலமும் கீட்டோ சாப்பாடும்

அப்பாவுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. அறுவை முடிந்து, கதிர்வீச்சுக்கும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரைக்கும் நாள் குறித்த வாரத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அதே வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பினார்கள். மாவுச்சத்தை நிறுத்தி, கொழுப்பை அதிகமாகச் சாப்பிடும் கீட்டோ உணவுக்கு மாறினால் கட்டி பட்டினியில் செத்துவிடுமாம். நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் அப்பா தட்டில் கை வைக்கக் கூடாது என்று அம்மா உறுதியாக நின்றார். இன்றும் அதற்காக அம்மாவை நன்றியோடு நினைக்கிறேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "கதிரும் மாத்திரையும்தான் வைத்தியம்மா. இது கூடத் துணைக்கு. எடை இறங்கினா நிறுத்திடணும்" என்று சொல்லி உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். புற்றுச்செல்கள் குளுக்கோஸை அளவுமீறி இழுப்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். இந்த யோசனைக்கு வேர் அதுதான். ஆனால் சோற்றை அடியோடு விட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டியைப் பட்டினி போடவே முடியாது. மூளைக்கட்டி திரும்ப வந்த 50 பேரை வைத்து ஜெர்மனியில் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும், மறுகதிர்வீச்சோடு கீட்டோவும் விரதமும் சேர்த்தவர்களுக்குக் கட்டி வளராமல் இருந்த காலம் குறிப்பிடும்படி கூடவில்லை. பிறகு ஏன் தொடங்கினோம்? மூளை வீக்கத்துக்குக் கொடுத்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அப்பாவின் சர்க்கரையை ஏற்றிவிட்டிருந்தது. அதையாவது அடக்கலாம் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 கிராம். 100 கிராம் சோற்றிலேயே சுமார் 28 கிராம் இருக்கிறது! இட்லி, தோசை, பருப்பு, வாழைப்பழம் எல்லாம் போயின. காலையில் வெறும் வயிற்றில் டெமோசோலமைடு, பிறகு கதிர்வீச்சு. வீடு திரும்பியதும் வெண்ணெயில் பொரித்த முட்டை. மதியம் காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேகவைத்துச் சோறு மாதிரி வைப்போம். அதன்மேல் கெட்டித் தேங்காய்ப்பால் விட்ட மத்திக் குழம்பு. முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பனீர், நல்லெண்ணெய் என்று நம்மூர்ச் சாமான்களே போதும். விலையுயர்ந்த கீட்டோ மாவு எதுவும் வாங்கவில்லை. சமையலறைத் தராசு மட்டும் கட்டாயம். வலிப்பு மருந்தையும் சர்க்கரை கலந்த சிரப்பாக இல்லாமல் மாத்திரையாகவே கேட்டு வாங்கினோம்.

முதல் வாரம் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல். உப்புப் போட்ட எலும்பு சூப்பும் நிறையத் தண்ணீரும் உதவின. உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனைச் சிறுநீரில் பார்க்கும் பட்டை மெடிக்கலிலேயே கிடைக்கும். ஸ்டீராய்டு அளவு அதிகமாக இருந்தவரை அந்தப் பட்டையில் நிறம் சரியாக ஏறவில்லை. அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அளவைக் குறைத்த பிறகு நிறம் மாறியது, சர்க்கரையும் இறங்கியது. அந்தச் சில வாரங்கள் அப்பா நன்றாகவே இருந்தார். உணவாலா, வீக்கம் வடிந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கதிர்வீச்சு முடியும் தறுவாயில் நாக்கு கசந்துபோனது. எண்ணெய் வாசனை பட்டாலே குமட்டல். எடை இறங்கத் தொடங்கியதும் உணவியல் நிபுணரே நிறுத்தச் சொன்னார். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், குறைந்தது 1 கிராம் புரதமும் போய்ச் சேரவேண்டும். அது முடியாதபோது எந்தக் கட்டுப்பாடும் உடம்பைத்தான் கரைக்கும். தயிர்ச்சோறு, முட்டை, மீன் என்று மாறினோம். சித்தப்பா வருத்தப்பட்டார், "விட்டுட்டீங்களே" என்றார். உடம்பில் தெம்பு இருந்தால்தானே அடுத்த மாத்திரைச் சுற்றைத் தாங்குவார் என்று அவரிடம் சொன்னேன். எனக்கு அதில் இன்றும் சந்தேகமில்லை.

தொடங்க நினைப்பவர்கள் போடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கையில் எடுத்துப் போங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கோ சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். கணையத்தில் கோளாறு இருந்தால் இத்தனை கொழுப்பு செரிக்காது. ஏற்கெனவே மெலிந்துபோனவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். எங்களுக்கு ஆரம்பிக்கும் முன்பே கல்லீரல், சிறுநீரகம், கொழுப்புப் பரிசோதனைகளை எடுத்துவிட்டார்கள். எடை மட்டும் வாராவாரம், அதே தராசில்.