அரிசி டப்பாவுக்குள் ஒளியும் மாத்திரை

மே 3

நாளை கத்திரி ஆரம்பம். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்களும் ராயபுரம் பக்கம் மூட்டை இறக்குகிறவர்களும் காலை பத்து மணிக்கே நனைந்துவிடுவார்கள். அவர்களில் இருமுனை மனநோய்க்கு (சில காலம் மனம் எல்லை மீறித் துள்ளும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த 25 நாளும் கவனம் வேண்டும்.

லித்தியமும் ஒரு உப்புதான். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விட்டால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் ஏறிவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கை பெரிதாக உதறும், வாந்தி பேதி வரும், நாக்கு குழறும், நடை தள்ளாடும்.

இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? "காலையிலேயே தண்ணி போட்டுட்டான், ஓரமா படுக்க வைங்கடா." எனக்கு மிகவும் பயம் தருவது இந்த ஒரு வாக்கியம்தான். விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆள் அங்கே இருந்தால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவார்.

மே 5

இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'வலி மாத்திரை' பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது ஐபுபுரூஃபென். இரண்டுமே லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். பாரசிட்டமால் அப்படிச் செய்யாது. ஆனால் லித்தியம் சாப்பிடுவதைக் கடைக்காரரிடம் சொன்னால்தானே அவர் மாற்றிக் கொடுப்பார்? தெருக்காரர் காதில் விழுமோ என்று கூச்சமாக இருந்தால் பழைய சீட்டை நீட்டினாலே போதும்.

வீட்டில் யாருக்காவது பிரஷர் என்று குழம்பில் திடீரென்று உப்பைக் குறைத்தாலும் இதே சிக்கல்தான்.

மே 9

ரத்தம் எடுப்பது பற்றி. கடைசி மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவில் 12 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம், அதன் பிறகுதான் காலை மாத்திரை. பழக்கத்தில் காலையிலேயே போட்டுக்கொண்டு ஓ.பி. வரிசையில் நிற்கிறவர்கள் நிறைய. அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், தூக்கம் கெட்டு நோய் திரும்பும். சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை வேண்டும்.

மே 13

ஒரே அறை வீட்டில் மாத்திரையை எங்கே ஒளிப்பது? அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், பரண். விருந்தாளி வந்திருந்தால் அன்றைக்கு அது வெளியே வராது. அட்டையைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும் என்று உரித்துப் பேப்பரில் மடித்து வைப்பார்கள். இதே நோய்க்குத் தரும் இன்னொரு மாத்திரையான சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மருந்து. கடல் காற்று அடிக்கும் ஊரில் உரித்து வைத்தால் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். சாப்பிடும் நேரம் வரை அட்டையிலேயே இருக்கட்டும். சர்க்கரை மாத்திரை டி.வி. மேல் கிடக்கும் வீட்டில் இதுவும் அங்கேயே கிடக்கலாம்.

மே 14

நேற்று விட்டது. நோயாளிக்கே தெரியாமல் சாம்பாரில் பொடித்துக் கலப்பது. அன்பால்தான் செய்கிறார்கள், ஆனாலும் வேண்டாம். தட்டில் பாதி மிஞ்சினால் பாதி மருந்துதான் உள்ளே போகும். மிச்சத்தைக் குழந்தை தின்றுவிடலாம். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். "சோத்துல ஏதோ கலக்கறாங்க" என்று சந்தேக நோயால் தவிக்கிறவர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், அவர் சொன்னது உண்மையாகிவிடுகிறது. அதன் பிறகு யார் கையால் சாப்பிடுவார்? மாத்திரை வேண்டாம் என்கிறவருக்கு, மாதம் ஒரு முறை போடும் ஊசிகளும் உண்டு. அவரை உட்காரவைத்து டாக்டரிடம் கேளுங்கள்.

மே 19

யாரிடம், எவ்வளவு சொல்வது? தெரு முழுக்கத் தண்டோரா போட வேண்டியதில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர், மேஸ்திரி, மெடிக்கல்காரர், வீட்டில் எல்லோரும். இவர்களிடம் 'நரம்பு மாத்திரை' என்று மழுப்பாமல் நோயின் பெயரையே சொல்லுங்கள். கூடவே என்ன செய்ய வேண்டும் என்பதையும்:

"மேஸ்திரி, எனக்கு இருமுனை மனநோய் இருக்கு. தெனமும் மாத்திரை போடறேன். கை லேசா நடுங்கும், அது மாத்திரையால. அரை மணிக்கு ஒரு தபா தண்ணி குடிக்கணும். நாக்கு குழறுனா குடிச்சிட்டேன்னு நெனைக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க."

"கீழ்ப்பாக்கம் கேஸா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அந்தப் பெயரை வசவாக்கியதால்தான் எத்தனையோ பேர் அதன் வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். "ஆமா, அங்கதான் காட்டறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மே 24

உலக மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) விழிப்புணர்வு நாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவரும் ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் போகட்டும், மாத்திரையும் பையில் இருக்கட்டும்.

அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத வசதி ஒன்று உண்டு. நோய் முற்றும் நேரத்தில் சிகிச்சை விஷயத்தில் யார் துணை நிற்க வேண்டும் என்பதை, தெளிவாக இருக்கும்போதே நாமே குறிக்கலாம். வெள்ளைத் தாள் போதும், கையெழுத்தோ ரேகையோ வைக்கலாம். துணை நிற்கப்போகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அவரும் சம்மதத்தை எழுதித் தர வேண்டும். பிறகு மனம் மாறினால் ஆளை மாற்றலாம்.

அந்தத் தாளின் நகலை ஓ.பி. நோட்டுக்குள் வையுங்கள். நோட்டின் பின் அட்டையில் மாத்திரைகளின் பெயர், அளவு, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி, அதற்குக் கீழே 14416. அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.