அக்கா திங்கட்கிழமைதான் எடுப்பா

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தால் அது அக்காதான். அக்கா இருக்கிற பாங்கொக்கில் அப்போது எட்டரை. வேறு நாளில் எடுக்கமாட்டா. ஞாயிறு சபைக் கூட்டம். மற்ற நாளெல்லாம் ஆலயத்தில் ஊழியம், அங்கே உள்ளே போன் கூடாது. திங்கள் ஆலயம் பூட்டு. உடுப்புத் தோய்க்கிறது, சந்தைக்குப் போகிறது, பேரப்பிள்ளைகளோடும் என்னோடும் கதைக்கிறது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள்தான்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவ இல்லை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துக்காரி. வயது 74. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எனக்கு நேர் மேல்வீட்டில் ஒன்றரை வருஷம் புருஷனும் அவவுமாக இருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டியோடு இரண்டு இரண்டு பேராகப் போகும் வெள்ளைக்காரப் பொடியன்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதே சபைதான். "மோர்மன்" என்று சொன்னால் அக்கா கோபிக்கமாட்டா, ஆனால் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரையும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிவிடுவா. பொடியன்கள் பள்ளிக்கூடம் முடித்த வயதில் ஊழியத்துக்குப் போகிறார்கள். இப்படி வயதானவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டு, சம்பளம் இல்லாமல், தங்கள் சொந்தக் காசில் சோடியாகப் போவதுண்டாம். 66 வயதில் முழங்கால் நோவைச் சாட்டிக்கொண்டு பம்பலப்பிட்டிக்குக்கூட பஸ் ஏறாமல் இருக்கிற எனக்கு இதைக் கேட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் நாளே பிணக்கு. வந்தவர்களை வெறுங்கையோடு விடக்கூடாது என்று இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் சிரித்தபடி வேண்டாம் என்றார்கள். இலங்கைக்கு வந்து தேத்தண்ணி வேண்டாமாம்! பால் இல்லாததால் குறை என்று நினைத்துக்கொண்டார்களோ என்று அடுத்த நாள் பால் தேத்தண்ணியோடு ஏறினேன். அதுக்கும் அதே சிரிப்பு. பிறகுதான் விளங்கியது, 1833இல் வந்த ஒரு வெளிப்பாட்டின்படி அவர்களுக்குத் தேநீர், கோப்பி, சாராயம், சுருட்டு ஒன்றும் ஆகாது. மூன்றாம் தடவை ரணவரா அவித்துக் கொடுத்தேன். எங்கட ஆவாரம் பூதான். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கப் பழக்கினேன். அதிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் தாங்களாகவே இறங்கி வரத் தொடங்கினார்கள். அவவுக்கு "அக்கா" சொல்லிக் கொடுத்தேன். என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட "ங்க"வோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினா.

அக்காவின் புருஷனை நான் ஐயா என்பேன். அவர் ஊரில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர். வெள்ளவத்தைச் சந்தையில் நுவரெலியாக் கிழங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்து, மணந்து பார்த்து, கடைக்காரப் பொடியனிடம் மண்ணைப் பற்றி விசாரிப்பார். அவன் விலையைக் கேட்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பத்து ரூபா குறைப்பான்.

போன வருஷம் அவர்களுக்குப் பாங்கொக் ஆலயத்துக்கு மாற்றம் வந்தது. அவர்களுடைய சபையில் கூட்ட மண்டபம் வேறு, ஆலயம் வேறு. மண்டபத்துக்கு ஞாயிறு யாரும் போகலாம். கொழும்பிலும் இருக்கிறது. ஆலயம் இங்கே இல்லை. தாய்லாந்தின் முதல் ஆலயமே 2023 ஒக்டோபரில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. அதற்குப் பிறகு உள்ளே போவதென்றால் சபைப் பெரியவர்கள் நேர்முகம் வைத்துக் கொடுக்கும் அட்டை வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். வாசல் மேசையில் அந்த அட்டையைப் பார்ப்பதுதான் ஐயாவின் பாதி வேலை. தெரிந்த முகமென்றாலும் திகதி பார்க்காமல் விடமாட்டாராம்.

அக்காவின் வேலை பெரும்பாலும் உடுப்பு. உள்ளே போனால் வந்தவர், ஊழியர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை. கொண்டு வராதவர்களுக்கு அங்கேயே வாடகைக்குக் கொடுப்பார்கள். கொடுத்த உடுப்பெல்லாம் திரும்பி வரும். தோய்க்கவேண்டும், அயர்ன் பண்ணவேண்டும், அளவு பார்த்து அடுக்கவேண்டும். "கையின்ர மடிப்பிலதான் தங்கச்சி மினக்கேடு" என்று சொன்னா. (அவ சொன்னது இங்கிலீசில். எனக்குக் காதில் விழுவது யாழ்ப்பாணத்துத் தமிழில்.) முதலில் கழுத்துப்பட்டி, பிறகு கைமடிப்பு, உடம்புப் பக்கம் கடைசி. உடம்பை முதலில் தேய்த்தால் கையைத் தேய்க்கிற நேரம் திரும்பக் கசங்கிவிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அம்மா எனக்கு இந்த ஒழுங்கில்தான் சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்த்துத் தந்தவ. அதைச் சொன்னதும் அக்கா போனைச் சுவரில் சாத்தி வைத்து, தன் புருஷனின் சட்டை ஒன்றை எடுத்து எனக்குத் தேய்த்துக் காட்டினா.

வெளியே சொல்லாத சங்கதிகளும் உண்டு. சில வசனங்கள் மனப்பாடமாக வேண்டுமாம், பார்த்து வாசிக்க முடியாது. என்ன வசனம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினா. பாடமாக்குகிறேன் பேர்வழி என்று லிஃப்டைத் தவறவிட்டதை மட்டும் சொன்னா. நான் அதற்குமேல் தோண்டவில்லை. மூலஸ்தானத்துக்குள்ளே ஐயர் என்ன செய்கிறார் என்று நாங்களும் எட்டிப் பார்ப்பதில்லைதானே.

ஆனால் செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் என்ற கதையில் நான் விடவில்லை. பன்னிரண்டு மாட்டுச் சிலைகளின் முதுகில் தாங்கிய பெரிய தொட்டி. அதற்குள் உயிரோடிருக்கும் ஒருவர் இறங்கி, செத்துப்போன இன்னொருவருக்காகத் தண்ணீரில் முழுகி எழும்புவார். முழுக்குகிறவர் அந்தச் செத்தவரின் பெயரைச் சொல்லவேண்டும். ஐயாவுக்குச் சில நாள் அந்த வேலையும் வரும். நீளமான தாய்லாந்துப் பெயர்களைப் பிழைவிடாமல் சொல்ல அவர் படும் பாட்டை அக்கா நடித்துக் காட்டினா. நனைந்து ஏறி வருகிறவர்களுக்குத் துவாய் நீட்டுவது சில நாள் அக்கா.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். நாசிகள் கொன்ற யூதர்களின் பெயர்களுக்கும் இப்படிச் செய்து, பெரிய பிரச்சினையாகி, 1995இல் யூத அமைப்புகளோடு சபை உடன்படிக்கை செய்திருக்கிறது. அடுத்த திங்கள் நேரடியாகவே கேட்டேன், "நாளைக்கு என்ர அப்பாச்சியையும் தொட்டிக்குள்ள இறக்குவியளோ?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது பிழைதான். அவரவர் தங்கட முன்னோரின்ர பெயரைத்தான் குடுக்கலாம். உன்ர ஆக்களின்ர பெயரில எனக்கு உரித்தில்லை. குடுத்தாலும் ஏற்கிறதும் விடுறதும் செத்தவையின்ர விருப்பம் எண்டுதான் நாங்கள் நம்புறம்" என்றா.

"அப்பாச்சி கட்டாயம் மறுப்பா" என்றேன். வெள்ளிக்கிழமையில் முட்டை பொரித்த சட்டியையே வெளியில் வைத்துவிடுகிற மனுசி அவ.

வெள்ளவத்தையில் இருக்கும்போதே அக்கா எனக்கு ஒரு தாள் தந்திருந்தா. நான், அம்மா அப்பா, பாட்டன் பாட்டி நாலு பேர், அவர்களுக்கு மேலே எட்டுப் பெட்டி. சபைக்கு இல்லை, உனக்குத்தான் என்று சொல்லித் தந்தவ. நான் அவவுக்கு அப்பாவின் அந்தியேட்டிக் கல்வெட்டைக் காட்டினேன். செத்த வீட்டுக்குப் புத்தகம் அச்சடித்து, அதில் வம்சாவளியும் போடுகிறோம் என்று கேட்டு அவவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தா. அப்போதுதான் நானும் கவனித்தேன், அந்த வம்சாவளியில் ஆண்கள் ஐந்து தலைமுறை ஓடுகிறார்கள். பெண்களைக் காணவில்லை. அப்பாச்சி வருகிறா, அவவைப் பெற்றவ இல்லை. எட்டுப் பெட்டியில் மூன்றுதான் நிரம்பியது.

இந்த முறை ஆடி அமாவாசைக்குத் தம்பி முகத்துவாரக் கடற்கரைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனான். ஐயர் பெயர் கேட்க, அப்பாச்சியின் தாயின் பெயர் தெரியாமல் அவனும் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் வீட்டில் காத்தோட்டிக்காய் சமைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காய்க்கு யாழ்ப்பாண பஸ்ஸில் வந்தவரிடம் சொல்லிவைத்து எடுத்தது. காய்க்கு இவ்வளவு மினக்கெடுகிறவள் பெயருக்கு மினக்கெடவில்லையே என்று அடுப்படியில் நின்று யோசித்தேன்.

கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணரைக் கேட்டேன். "எல்லாரும் பெத்தாச்சி எண்டுதானே கூப்பிட்டவை" என்றார். 1995இல் சண்டையால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டில் இருந்த கடதாசியெல்லாம் போனது. பிறகுதான் சீதன உறுதி ஞாபகம் வந்தது. எங்கட தேசவழமைச் சட்டத்தில் பெண்ணின் சீதனம் பெண்ணுக்குத்தான். அப்பாச்சிக்குக் காணி எழுதிக் கொடுத்தது அவவின் தாய் என்று கேள்வி. அந்தக் காணி வழக்கொன்றில் கிடந்தபடியால் பழைய உறுதி யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுமாரியில் தப்பியிருந்தது. பெறாமகன் போய், கெஞ்சி, வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நொத்தாரிசின் சாய்ந்த எழுத்து. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னார் காணி, பங்குக் கிணறு, வழி வாய்க்கால். கீழே கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம், அதற்குப் பக்கத்தில் பெயர்.

திங்கட்கிழமை நான் ஆறே முக்காலுக்கே எடுத்துவிட்டேன். அக்கா ஈரத்தலையோடு வந்தா. பெயரைச் சொன்னேன். (இங்கே எழுதமாட்டேன்.) நாலு அசைப் பெயர், நடுவில் ஒரு "ழ". முதல் தரம் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது. பின்னால் ஐயாவும் சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி முணுமுணுப்பது கேட்டது.

"எழுதிப் போடாதையுங்கோ அக்கா" என்றேன்.

இரண்டு கையையும் கமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினா. பேனை இல்லை. "எழுதேல்லை தங்கச்சி, சொல்லித்தான் பாக்கிறன். நீ இன்னொருக்காச் சொல்லு."